உழைப்பு ஈன்ற இசை

விழுப்புரத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் பெருவழியில், புதுவை எல்லைக்கு அணித்தே அமைந்தது கண்டமங்கலம். வழியின் இருமருங்கும் நெல்லும் கரும்பும் விளையும். மணிலா என்று அவ்வட்டாரத்தார் வழங்கும் நிலக்கடலை மேட்டுக் கொல்லைகளில் படர்ந்து கிடக்கும். பேருந்தில் விரைந்து செல்வோர்க்கு அவ்வூர் ஒரு நிறுத்தம், அவ்வளவே. ஆனால், வேனிற்காலத்துத் திருவிழா நாட்களில், அவ்வட்டாரத்து அம்மன் கோயில் திடல் ஒன்றில் ஓர் இரவு விழித்திருப்பவர் வேறொரு காட்சியைக் காண்பர்.

அங்கே தெருக்கூத்து நடைபெறும். முகவீணை ஓங்கி ஒலிக்கும், மத்தளம் அதிரும், தாளம் கலகலக்கும். தோளிலும் தலையிலும் கட்டை கட்டி, முகத்தில் வண்ணம் தீட்டிய கூத்தர் திரையை விலக்கி வெளிப்பட்டு ஓர் அடி பாடுவார். பின்னே நிற்கும் பின்பாட்டுக்காரர் அவ்வடியை வாங்கி, மேலும் உரத்த குரலில் திருப்பிப் பாடுவர். ஒருவர் கொடுக்க, பலர் வாங்க, பாட்டு ஏறிக்கொண்டே செல்லும். பாரதக் கதை நடந்து முடியும்போது கீழ்வானம் வெளுத்திருக்கும்.

இங்ஙனம் கொடுத்தும் வாங்கியும் பாடும் முறை கூத்துக்கே உரியதன்று. அது வயலிலும் வாழ்ந்தது. நடவு நடும் பெண்டிர் வரிசையாகக் குனிந்து நின்று, ஒருத்தி முதலடி எடுக்க, மற்றையோர் அதனைத் தொடர்ந்து பாடினர். மின்பொறி வருமுன், கிணற்று நீரை ஏற்றத்தால் இறைத்த காலத்தில், ஏற்றக்காரர் பாட்டினாலேயே சால்களை எண்ணினர். பாட்டு கால்களுக்கு ஒழுங்கு தந்தது. கைகளுக்கு வலிமை தந்தது. நெஞ்சிற்கு ஆறுதல் தந்தது. உழைப்பவர்க்குப் பாட்டு ஓய்வுக்கால இன்பமாக வந்ததில்லை. ஏரும் மண்வெட்டியும்போல அதுவும் ஒரு கருவியாகவே வந்தது.

அக்கருவியின் பெருமையை அறிந்தோர் அன்றும் இருந்தனர். கம்பரைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று வழங்குகின்றது. அந்தி வேளையில் வயல்வழியே சென்ற அப்பெரும்புலவர், ஏற்றக்காரன் ஒருவன் பாடிய ஓர் அடியைக் கேட்டார். அதற்குள் பொழுது சாய்ந்தது. அவன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வீடு சென்றான். அடுத்த அடி யாதாக இருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் எண்ணினார், விடை கிடைக்கவில்லை. மறுநாள் வைகறையில் வந்து காத்திருந்து, அவன் வாயாலேயே எஞ்சிய அடியைக் கேட்டு வியந்தார் என்பர். கதை நடந்ததோ, புனைந்ததோ, அறியோம். ஆயினும், ஏட்டறிவு மிக்கார் ஏற்றக்காரனுக்காகக் காத்திருக்க வேண்டிய நேரமும் உண்டு என்பதை அக்கதை உணர்த்துகின்றது. இளங்கோவடிகளும் இவ்வுண்மையை உணர்ந்தவர். ஆய்ச்சியர் குரவையையும், குன்றக் குரவையையும், உலக்கையிடித்துப் பாடும் வள்ளைப் பாட்டையும் தம் காப்பியத்துள் அவர் மதிப்போடு அமைத்தார்.

உழைப்பவர் வாயில் பிறந்த பாட்டு ஒரு நாட்டின் எல்லையையும் கடந்து, உலகத்தையே ஆட்டிப் படைத்ததுண்டா எனின், உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் எழுந்த ராக் அண்டு ரோல் என்னும் இசையே அதற்குச் சான்று. மின்கிதாரும் ஒலிபெருக்கியும் முழங்க, இளைஞர் துள்ளி ஆடும் அவ்விசையைக் கேட்போர், அது பெருநகரத்து அரங்குகளில் தோன்றிய ஆரவாரம் என்றே எண்ணுவர். அதன் வேரைத் தேடிச் செல்பவரோ, நகரத்தைக் கடந்து, சிற்றூர்களைக் கடந்து, இறுதியில் ஒரு பருத்திக் கொல்லையிலே போய் நிற்பர்.

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாப் பகுதிக்கு 1619ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மக்கள் சிலர் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். அதன்பின் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம், புகையிலைத் தோட்டங்களிலும் நெல்வயல்களிலும் பருத்திக் கொல்லைகளிலும் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழன்றனர். தாயையும் மகவையும் பிரித்து விற்றனர், பெயரை மாற்றினர், தாய்மொழியை மறக்கச் செய்தனர். ஆனால், அவர்கள் உடலினுள் ஊறிக் கிடந்த தாளத்தை மட்டும் எவராலும் பறிக்க இயலவில்லை.

பறிக்க முயலவில்லை என்று கூற இயலாது. 1739ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் அடிமைகள் சிலர் முரசு கொட்டித் தம்மவரைத் திரட்டிக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மறு ஆண்டே அம்மாகாணத்தில் கடுஞ்சட்டம் ஒன்று பிறந்தது. அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருத்தல் குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. முரசு போயிற்று, ஆனால் கை இருந்தது, கால் இருந்தது, தொடையும் மார்பும் இருந்தன. தொடையைத் தட்டியும், மார்பைத் தட்டியும், தரையை மிதித்தும் அவர்கள் தம் உடலையே முரசாக்கிக் கொண்டனர். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்து நரம்பு கட்டி, ஆப்பிரிக்காவில் மீட்டிய யாழ் போன்ற கருவியை நினைவிலிருந்து மீண்டும் படைத்தனர். பாஞ்சோ என்று இன்று வழங்கும் கருவி அவ்வாறு பிறந்ததே.

கொல்லையில் அவர்கள் பாடிய முறை, கண்டமங்கலத்து நடவு வயலைக் கண்டவர்க்குப் புதிதாகத் தோன்றாது. முன்னே ஒருவர் ஓர் அடியை எடுத்தார். பின்னே பலர் அதற்கு விடையிறுத்தனர். மண்வெட்டி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. தனித்து நின்று உழைத்தவன், தொலைவில் நிற்கும் தன் தோழனுக்குக் கேட்கும்படி நீண்ட குரலெடுத்துக் கூவினான். மறுமுனையிலிருந்து மறுகூவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்குரலே இறைவனை நோக்கி எழுந்தது. அடிமைத்தளையிலிருந்து மீண்ட இசுரவேலரைப் பற்றிய விவிலியக் கதைகளைப் பாடும்போது, அவர்கள் தம் விடுதலையையே மறைபொருளாகப் பாடினர். அவை ஆன்மிகப் பாடல்கள் எனப் பெயர் பெற்றன.

1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. விடுதலை பெற்றோர்க்குக் கல்வி தர, டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரில் பிஸ்க் என்னும் கல்விநிலையம் 1866இல் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் பொருள் இன்றி அது மூடப்படும் நிலையை அடைந்தது. அப்போது மாணவ மாணவியர் ஒன்பதின்மர், 1871ஆம் ஆண்டு, தம் குரலையே முதலாகக் கொண்டு ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர். குளிரிலும் பசியிலும் அலைந்தனர். விடுதிகள் பலவற்றில் நிறம் காரணமாக இடம் மறுக்கப்பட்டனர். ஆயினும், தம் பெற்றோர் கொல்லையில் பாடிய பாடல்களை அவர்கள் மேடையில் பாடியபோது கேட்டோர் கண்கலங்கினர். இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியார் முன்னும் பாடினர். அவர்கள் ஈட்டிய பொருளால் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் அக்கல்விநிலையத்தில் நிமிர்ந்து நிற்கின்றது. கொல்லைப் பாட்டு ஒரு கல்லூரியைக் காத்தது!

சட்டம் விடுதலை தந்தது, வறுமையோ விடவில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரைப் பருத்தி நிலங்களில் கறுப்பின மக்கள் வாரக் குடிகளாகி, கடனுக்கு ஆட்பட்டு உழைத்தனர். அவர்தம் துயரத்திலிருந்து ப்ளூஸ் என்னும் பாட்டு எழுந்தது. அதன் கட்டமைப்பு மிக எளிது. ஓர் அடியைப் பாடுவர். அதனையே மீண்டும் பாடுவர். மூன்றாம் அடியில் கருத்தை முடிப்பர். இவையனைத்தும் பன்னிரண்டு தாளக்கட்டில் அடங்கும். அடிக்கும் அடிக்கும் இடையில் கிதார் மறுமொழி கூறும். கொல்லையில் பலர் தந்த மறுமொழியை இப்போது ஒருவனே தன் விரலால் தந்தான். கூட்டம் கலைந்து போனவனுக்குக் கிதாரே பின்பாட்டுக்காரனாயிற்று.

கம்பருக்கு ஓர் ஏற்றக்காரன் வாய்த்ததுபோல, அமெரிக்காவிலும் ஓர் இசைப்புலவர்க்கு ஒருவன் வாய்த்தான். டபிள்யூ. சி. ஹேண்டி என்பவர் இசையை முறையாகக் கற்றவர். வாத்தியக் குழு ஒன்றின் தலைவர். 1903ஆம் ஆண்டளவில், மிசிசிப்பியில் டட்வைலர் என்னும் சிற்றூர்ப் புகைவண்டி நிலையத்தில், வாராத வண்டிக்காகக் காத்திருந்து அவர் கண்ணயர்ந்தார். அருகே கந்தலாடை அணிந்த ஒருவன் கிதார் நரம்பின்மீது கத்தியை அழுத்தி இழுத்து, விந்தையானதோர் ஒலியெழுப்பிப் பாடிக்கொண்டிருந்தான். அவ்வொலி ஹேண்டியை எழுப்பிற்று. தாம் கற்ற நூல் எதிலும் இல்லாத இசை அது என்று அவர் உணர்ந்தார். பின்னர் அவ்வகைப் பாடல்களைத் தாளில் எழுதி 1912 முதல் அச்சிட்டார், புகழ் பெற்றார். பாடியவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970 வரை, ஏறக்குறைய அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தென்னாட்டை விட்டு வடக்கும் மேற்கும் உள்ள தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு பாட்டும் வண்டியேறிற்று. மட்டி வாட்டர்ஸ் என்று பின்னாளில் பெயர் பெற்ற பாடகர் ஒரு பண்ணையில் உழுபொறி ஓட்டியவர். 1941இல், நாட்டுப்பாடல் தொகுக்க வந்த ஆலன் லோமாக்ஸும், பிஸ்க் கல்விநிலையப் பேராசிரியர் ஜான் வொர்க்கும் அவர் குடிசைக்கே வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தனர். தம் குரலைத் தாமே கேட்ட அவர், தாமும் ஒரு பாடகர் என்று தெளிந்தார். 1943இல் சிகாகோ நகர் சேர்ந்தார். கொல்லையின் அமைதியில் ஒலித்த கிதார், நகர விடுதிகளின் இரைச்சலில் கேட்கவில்லை. எனவே மின்கிதாரைக் கையில் எடுத்தார். ராக் இசையின் பேரொலிக்குக் காரணம் இதுவே. நகரத்து இரைச்சலையும் மீறித் தன் குரல் கேட்கவேண்டும் என்னும் குடியானவனின் வேட்கை அதில் ஒலிக்கின்றது.

தேவாலயத்திலிருந்தும் ஓர் ஓடை வந்து கலந்தது. 1915இல் ஆர்க்கன்சா மாகாணத்தில், காட்டன் பிளாண்ட் என்று பருத்தியின் பெயரையே தாங்கிய ஊரில் பிறந்தவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்னும் பெண்மணி. தாயோடு குழந்தைப் பருவத்திலேயே தேவாலயந்தோறும் சென்று பாடியவர். பக்திப் பாடலை மின்கிதாரோடு இணைத்து, ஆடவரும் வியக்க அவர் மீட்டினார். ராக் இசையின் முன்னோடி என்று பிற்காலத்தார் அவரைப் போற்றினர். ஆயினும், 1973இல் அவர் மறைந்தபின் அவர் கல்லறை பல்லாண்டுகள் பெயர்க்கல்லும் இன்றிக் கிடந்தது. ராக் இசைப் பெருமையோர் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2018இல்தான்.

ஏழை வெள்ளையரின் நாட்டுப்புற இசை மற்றோர் ஓடை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்து மலைப்பகுதிகளில் குடியேறியோர் பிடிலிசைத்துப் பாடினர். புகைவண்டித் தொழிலாளியாக இருந்த ஜிம்மி ராட்ஜர்ஸ் 1927இல் அப்பாடலோடு ப்ளூஸையும், குரலைத் திடுமென உச்சிக்கு ஏற்றி மீண்டும் இறக்கும் யோடல் முறையையும் கலந்து இசைத்தட்டில் பாடினார். அந்த யோடல் முறை கடல் கடந்து தமிழ்த்திரையிலும் ஒலித்தது. தூத்துக்குடியில் பிறந்த ஜே. பி. சந்திரபாபு அதனைத் தமிழ்ப்பாட்டில் பாடியும், மேலைநாட்டு ஆட்டத்தைத் தம் உடலில் ஏற்றி ஆடியும் மக்களை மகிழ்வித்தார். ஓர் இசை எங்கே பிறந்து எங்கே சென்று சேரும் என்பதை எவரே முன்னறிவார்!

ஓடைகள் கூடி ஆறாகப் பெருகிய காலம் 1950ஐ ஒட்டிய ஆண்டுகள். 1951இல் ஐக் டர்னரின் குழுவினர் மெம்பிஸ் நகரிலிருந்த சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவு நிலையத்திற்குச் சென்றனர். வழியில் அவர்களது ஒலிபெருக்கி பழுதுற்றது. புதிது வாங்க வழியில்லை. கிழிந்த பகுதியில் தாளைத் திணித்து ஒருவாறு ஒப்பேற்றினர். கரகரப்பான புத்தொலி ஒன்று எழுந்தது. அக்குறையே நிறையாயிற்று. அன்று பதிவான ராக்கெட் 88 என்னும் பாட்டே முதல் ராக் அண்டு ரோல் பாட்டு என்று கூறுவோர் பலர். அதனை மறுத்து, வேறு பாட்டுகளைச் சுட்டுவோரும் உளர். ஆற்றின் தொடக்கம் எந்தத் துளி என்று எவரால் அறுதியிட இயலும்?

அவ்வாண்டிலேயே கிளீவ்லாந்து நகர வானொலியில் ஆலன் பிரீட் என்பவர் இவ்விசைத்தட்டுகளை இரவுதோறும் ஒலிபரப்பத் தொடங்கினார். கறுப்பின மக்களின் பாடல்களுக்கிடையே முன்பே வழங்கிவந்த ராக் அண்டு ரோல் என்னும் தொடரை இவ்விசையின் பெயராகப் பரப்பியவர் அவரே. நான்கு தாளத் தட்டுகளில் இரண்டாவதையும் நான்காவதையும் அழுத்தி ஒலிக்கும் அதன் நடை, கேட்போர் கையையும் காலையும் சும்மா இருக்க விடவில்லை. சக் பெரி, லிட்டில் ரிச்சர்டு, பேட்ஸ் டோமினோ ஆகிய கறுப்பினக் கலைஞர்கள் அதனை வளர்த்தனர். பில் ஹேலி, எல்விஸ் பிரெஸ்லி முதலிய வெள்ளையர் அதனை ஏற்றுப் பாடி உலகெங்கும் பரப்பினர்.

1954ஆம் ஆண்டை இங்கே நினைவிற் கொள்ளுதல் தகும். கண்டமங்கலத்தை அடுத்த புதுவை, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நீங்கி இந்தியாவோடு இணைந்தது அவ்வாண்டு நவம்பர்த் திங்களில். அதற்கு நான்கு திங்கள் முன்னர், சூலை 5ஆம் நாள், மெம்பிஸ் நகரில் பத்தொன்பது வயதான சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் சாம் பிலிப்ஸின் நிலையத்தில் ஒரு பாட்டைப் பாடினார். அவர்தாம் எல்விஸ் பிரெஸ்லி. அப்பாட்டு அவரைப் பெரும்புகழுக்கும் பெருஞ்செல்வத்திற்கும் அழைத்துச் சென்றது. ஆனால் அப்பாட்டை இயற்றியவர் அவரல்லர். மிசிசிப்பியில் பிறந்த ஆர்தர் குருடப் என்னும் கறுப்பினக் கலைஞர். அவர் 1946இலேயே அதனைப் பாடிப் பதிவு செய்திருந்தார். பாட்டு உலகெங்கும் விலையாயிற்று. குருடப்போ வயிற்றுப்பாட்டிற்காகக் கூலிவேலை செய்தார். தம் பாட்டிற்குரிய பங்கைப் பெறாமலே 1974இல் கண்மூடினார்.

எல்விஸ் திறமையற்றவரல்லர்; தாம் கறுப்பினக் கலைஞரிடம் கற்றதை அவர் மறைக்கவும் இல்லை. குற்றம் ஒரு தனி மனிதரிடம் மட்டும் இருந்திருந்தால் அதனைத் தீர்த்தல் எளிது. அது சமுதாயத்தின் அமைப்பிலேயே இருந்தது. பாட்டை விரும்பினர், பாடியவனை வெறுத்தனர். தென் மாகாணங்களில் இவ்விசை நிகழ்ந்த அரங்குகளில், நடுவே கயிறு கட்டி வெள்ளையரை ஒருபுறமும் கறுப்பினத்தாரை மறுபுறமும் நிறுத்தினர். ஆனால் தாளம் கயிற்றை மதிக்குமா? பாட்டின் வேகத்தில் இளைஞர்கள் கயிற்றைத் தாண்டி ஒன்றாக ஆடிய இரவுகளும் உண்டு. சட்டம் செய்யத் தயங்கியதைச் சில நேரங்களில் பாட்டு செய்து காட்டியது.

இவ்வரலாறு தொலைநாட்டார் கதையன்று. கண்டமங்கலத்து வயல்களில் அசையும் கரும்பும் ஒரு கதை சொல்லும். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தென்னார்க்காடு, தஞ்சை முதலிய பகுதிகளின் ஏழை மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டு ரியூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்றனர். திரும்பி வந்தோர் சிலரே. புதுவையில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியார், இத்தகைய கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களுக்காகவே பிஜித் தீவை எண்ணி உருகிப் பாடினார்.

சென்றவர்கள் மூட்டையில் பொன்னும் பொருளும் கொண்டுசெல்லவில்லை; நெஞ்சில் கூத்தைக் கொண்டுசென்றனர். ரியூனியன் தீவில் தமிழர் தெருக்கூத்து, தமிழர் ஆட்டம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரோடு வாழ்ந்தது. தமிழரின் பறைகளும் மத்தளங்களும் தீவுகளின் கோயில்களில் ஒலித்தன. அத்தீவிலே, ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் படைத்த மலோயா என்னும் இசை ஒன்று உண்டு. ஒருவர் பாட, பலர் மறுமொழி கூற, முரசு முழங்கும் இசை அது. நெடுங்காலம் ஒடுக்கப்பட்டு, 1981க்குப் பின்னரே அச்சமின்றி மேடையேறியது; 2009இல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக யுனெஸ்கோ நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. மிசிசிப்பியின் பருத்தியும் ரியூனியனின் கரும்பும் ஒரே வகைப் பாட்டை ஈன்றன என்றால், காரணம் வெளிப்படை. இரண்டையும் நீர் விட்டு வளர்த்தது ஒரே வகை வியர்வை.

கடல் கடந்த அநீதியைக் கண்டிப்பது எளிது. தம் தெருவைத் திரும்பிப் பார்ப்பதே அரிது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது பறையையும் சேர்த்து எண்ணினார். பாணரையும் பொருநரையும் வேந்தர் எதிர்கொண்டு போற்றிய நாடு இது. பின்னாளில் நிகழ்ந்தது என்ன? திருவிழாவிற்குப் பறை வேண்டும். இறுதி ஊர்வலத்திற்கும் பறை வேண்டும். பறை முழக்கியவரோ ஊர்த்தெருவுக்குள் வேண்டாதவர் ஆனார். அவர் கொட்டினால் ஊர் ஆடிற்று. அவர் தாகத்திற்கு நீர் கேட்டால் தனிக்குவளை நீட்டிற்று. அமெரிக்க அரங்கில் கட்டிய கயிறு இங்குக் கண்ணுக்குத் தெரியாத கயிறாக இருந்தது; அவ்வளவே வேற்றுமை.

அக்கயிறு மெல்ல மெல்ல இற்று வருகின்றது. இன்று கல்லூரி மாணவரும் மாணவியரும் பறை பயில்கின்றனர். 2025ஆம் ஆண்டில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. எனினும், விருது பெறுவோர் ஒரு சிலர். விடிய விடியக் கொட்டிவிட்டு, கையில் சிறு தொகையோடு பேருந்துக்காகக் காத்து நிற்போர் பலர். கருவியைப் போற்றுதல் எளிது. கருவி பிடித்த கையைப் போற்றுதலே கடமை.

1977ஆம் ஆண்டு அமெரிக்கர் வாயேஜர் என்னும் விண்கலங்கள் இரண்டை விண்ணில் ஏவினர். உலக மக்களின் குரலைத் தாங்கிய பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒவ்வொன்றிலும் வைக்கப்பட்டது. இந்தியாவின் சார்பில் கேசர்பாய் கேர்க்கரின் பாட்டு அதில் உள்ளது. சக் பெரியின் ராக் அண்டு ரோல் பாட்டு உள்ளது. பிளைண்டு வில்லி ஜான்சன் என்னும் கண்ணிழந்த தெருப்பாடகர் 1927இல் பதிவு செய்த இசையும் உள்ளது. அம்மனிதர் 1945இல் வீடு எரிந்துபோக, வறுமையிலே உயிர்நீத்தவர். படுக்கச் சரியான இடமின்றி மாண்டவரின் குரல் இன்று கதிரவனின் கோள்களையெல்லாம் கடந்து சென்றுகொண்டிருக்கின்றது! வாழ்ந்தபோது ஒரு கூரையைத் தர இயலாத உலகம், மாண்டபின் வான வெளியையே தந்தது. இதனைப் பெருமை என்பதா, நாணத்தக்கது என்பதா?

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலைத் தனி அதிகாரமாக வகுத்தார். உணவு தந்தவர்க்கும் உயிர் காத்தவர்க்கும் நன்றி கூறுதல் இயல்பு. பாட்டைத் தந்தவர்க்கு நன்றி கூறுதலோ பலர்க்கும் தோன்றுவதில்லை. காற்றில் வந்த பாட்டு காற்றுக்கே உரியது என்று கருதிவிடுகின்றனர். எந்தப் பாட்டும் காற்றில் பிறப்பதில்லை. யாரோ ஒருவரின் தொண்டையில், யாரோ ஒருவரின் தேய்ந்த விரலில், பெரும்பாலும் பசித்த ஒருவரின் நெஞ்சில் அது பிறக்கின்றது.

கண்டமங்கலத்தை அடுத்த திடலில் கூத்து முடியும் வேளை. கீழ்வானம் சிவக்கின்றது. மத்தளம் இறுதி முறையாக முழங்கி ஓய்கின்றது. வேடம் கலைத்த கூத்தர் முகத்து வண்ணத்தைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் அமர்கின்றார். இரவெல்லாம் விழித்திருந்த சிறுவன் ஒருவன் அவர் அருகே சென்று, அவர் பெயர் யாது என்று வினவுவானாயின், அன்று அக்கலைக்கு உரிய மதிப்பின் முதற்படி இடப்பட்டதாகும். டட்வைலர் புகைவண்டி நிலையத்தில் கேட்கப்படாமற் போன வினா அதுவே.